தீபத்துக்குத் தீபம் ஒரு வருஷம்

பௌர்ணமிக்குப் பௌர்ணமி, வாயு லிங்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பெண் தனியாக மேசை போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். கிரிவலம் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். எங்கள் சங்கத்தின் மஞ்சள் பனியனை அவள் போட்டிருக்க மாட்டாள். ஏன் என்று கேட்பவர்களிடம் எங்கள் சங்கத்தார், "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் கர்வம் ஜாஸ்தி" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கீழ்பென்னாத்தூர் தசரதனுக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் எவனும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான். நான் பார்த்தவன். செங்கம் ரோட்டில் பிளெக்ஸ் பேனர் அடிக்கிற அருணகிரி என்றால் ஊரில் தெரியும். முன்கோபி என்றும் தெரியும். இருக்கட்டும்.

அவள் பெயர் யமுனா. சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு சமண கிராமம். அப்பா ஜினராஜ் இன்றைக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. யமுனா படித்துவிட்டுச் சென்னையில் பல வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். பெரிய பெரிய டேட்டாபேஸ்களைக் கட்டி மேய்ப்பதுதான் அவளுக்கு வேலை. சுதர்சனைக் கல்யாணம் செய்துகொண்டு வேங்கிக்காலில் குடியேறினாள். அவன் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறான். வீட்டிலிருந்தபடியே அதே கம்பெனி வேலையைச் செய்தாள். அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவாள். இருட்டிவிட்டால் மறுநாள் காலைதான். "யமுனா டப்பாவைத் திறந்துட்டா, லைட் போடற நேரம் ஆயிடுச்சு" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள்.

எங்கள் சங்கத்தின் வேலை கிரிவலத்தில் தொலைந்து போகிறவர்களைச் சேர்த்து வைப்பது. ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒரு மேசை, ஒரு மைக். "சிவப்புச் சட்டை போட்ட ராமன், வயசு எழுபது, எங்கிருந்தாலும் வரவும்" என்று கத்துவோம். அந்தக் கூட்டத்தில் சிவப்புச் சட்டை போட்ட ராமன் எத்தனை பேர் என்று அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். ஒரு பௌர்ணமியில் யமுனா எங்கள் மேசைக்கு வந்து நின்றாள். நாங்கள் கத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணா, இப்படித்தான் வருஷா வருஷம் தேடறீங்களா?" என்று கேட்டாள்.

"வேற எப்படித் தேடறது?"

"நான் ஒண்ணு செஞ்சு தரட்டுமா?" என்றாள்.

செய்தாள். வயசானவர்கள், வாய் பேச முடியாதவர்கள், ஞாபகம் தப்புகிறவர்கள் எங்களிடம் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். அவர்கள் கையில் ஒரு பட்டை. அதில் ஒரு நம்பர் மட்டும் இருக்கும். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. போன் நம்பர் எழுதிய பட்டையைப் பார்த்து எவனோ ஒரு பெண்ணுக்குப் போன் போட்டுத் தொல்லை கொடுத்ததால் அவளே அப்படி மாற்றினாள். தொலைந்தவர் எந்த மேசைக்கு வந்தாலும் நம்பரைத் தட்டினால் போதும். அவர் யார், என்ன நோய், என்ன மாத்திரை எல்லாம் திரையில் வரும். அவர் எந்த லிங்கத்தில் இருக்கிறார் என்று வீட்டு ஆளின் போனுக்குத் தானாகவே ஒரு எஸ்எம்எஸ் போகும். தீபத்தன்று நெட்வொர்க் படுத்துவிடும் என்பதற்காக ஒவ்வொரு மேசையிலும் முழு விவரத்துக்கும் ஒரு பிரதி வைத்திருந்தாள்.

அதற்கு அடியில் ஓடியது போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ். ஓப்பன் சோர்ஸ். அதாவது உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருப்பது. வாடகை கிடையாது. கெடு தேதி கிடையாது. அதுதான் எங்கள் தலைவர் முருகவேலுக்கு உறுத்தியது.

முருகவேல் லாட்ஜ் வைத்திருப்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு ஓசியில் வருவது எதுவும் பொருளாகவே தோன்றாது. ஒரு பௌர்ணமியில் யமுனா காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு மேசையின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. எங்களில் யாருக்கும் சரி செய்யத் தெரியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் சென்னையிலிருந்து அருள்ராஜ் என்ற ஒரு பையன் டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். அவன் கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். முதல் வருஷத்துக்குப் பாதி விலை, பேனரில் அவர்கள் கம்பெனி முத்திரை, எல்லா மேசைக்கும் புது டேப்லெட். வழவழவென்று ஒரு புத்தகம் கொடுத்தான்.

"இவ்ளோ நாள் யமுனா செஞ்சுது. நல்லாத்தான் செஞ்சுது. ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் சட்டையைப் பிடிக்கிறது? சும்மா கிடைக்கிறதுக்கு யார் பொறுப்பு? கம்பெனின்னா கூப்ட்டுக் கேக்கலாம். ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கூட எடுப்பாங்க" என்றார் முருகவேல்.

யமுனா குரலை உயர்த்தவில்லை. "சார், காசு குடுத்து வாங்கறது தப்புன்னு நான் சொல்லல. பேங்க்குல எல்லாம் அதுதான் ஓடுது, நானே அதுல வேலை பார்த்திருக்கேன். நான் படுத்துட்டா பார்க்க ஆள் இல்லைன்னீங்க, அது நியாயம். நம்ம மேசைல உக்கார்ற ஆர்த்திக்குக் கத்துக் குடுக்கிறேன், இன்னும் ரெண்டு பேருக்கும் குடுக்கிறேன்" என்றாள். பிறகு அருள்ராஜ் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காலக்கெடு முடிஞ்சுதுன்னா, நாங்க உள்ளே போட்ட ஜனங்க விவரம் எங்க கைக்கு வருமா?"

"ரினீவ் பண்ணிக்கலாம் மேடம்" என்றான்.

"ரினீவ் பண்ணலைன்னா?"

"ஏன் மேடம் பண்ணாம இருக்கப் போறீங்க?" என்று சிரித்தான். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துவிட்டேன். "அந்தப் பொண்ணு கேட்டதுக்கு இது பதிலாய்யா? கேழ்வரகில நெய் வடியுதுன்னா, கேக்கிறவனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றேன். "அருணகிரி, உக்காரு, உனக்கு எதுக்கெடுத்தாலும் சண்டைதான்" என்றார்கள். கை தூக்கச் சொன்னார்கள். என் கையையும் ஆர்த்தியின் கையையும் தவிர எல்லாக் கையும் அந்தப் பக்கம் போனது. தன்னிடமிருந்த விவரத்தையெல்லாம் ஒப்படைத்துவிட்டுத் தன் பிரதியை அழித்துவிட வேண்டும் என்று யமுனாவிடம் சொன்னார்கள். அவள் அப்படியே செய்தாள். "ஒரு காப்பியாவது வச்சுக்கோ மா" என்று நான் தனியாகச் சொன்னேன். "அழிக்கிறேன்னு சொல்லிட்டேன் அண்ணா" என்றாள்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வருஷம் என்றால் தீபத்துக்குத் தீபம்தான். கடை வாடகை ஒப்பந்தம், பூக்கடைக் குத்தகை, தண்ணீர்ப் பந்தல், என் பேனர் பாக்கி உட்பட எல்லாம் அந்தக் கணக்குதான். தேதி யாரும் பார்ப்பதில்லை. அருள்ராஜ், "என்னைக்கு ஆக்டிவேட் பண்ணலாம் சார்?" என்று கேட்டபோது முருகவேல் யோசிக்கவே இல்லை. மலை மேல் தீபம் ஏற்றிய நொடியில், டேப்லெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பட்டனை அமுக்கினார்கள். "அடுத்த தீபத்தன்னைக்கு இதே நேரத்துல புதுப்பிச்சுடலாம்" என்றார் முருகவேல். "ஓகே சார், ஒன் இயர்" என்றான் அவன்.

அந்தத் தீபம் கார்த்திகை மாதம் முன்பாதியிலேயே வந்துவிட்டது. அடுத்த தீபம் கார்த்திகை முடியப் போகிற நேரத்தில் வந்தது. ஒரு தீபத்திலிருந்து இன்னொரு தீபம் முந்நூற்று அறுபத்தைந்து நாளில் வந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாதா? தெரியும். அதைக் கம்பெனிக்காரனின் நாள்காட்டியோடு சேர்த்துப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் அனுப்பிய நினைவூட்டல் எல்லாம், அவனே உருவாக்கிக் கொடுத்த ஒரு மெயிலுக்குப் போயிருக்கிறது. அந்த மெயிலைத் திறக்கிற பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை.

நடுவில் அது நன்றாகத்தான் ஓடியது. இல்லை என்று சொன்னால் பொய். ஐப்பசிப் பௌர்ணமிக்கு முன்னால் கீழ்பென்னாத்தூரில் பதிவு முகாம் போட்டோம். அங்கேதான் தசரதனும் அவர் மனைவி சரோஜாவும் வந்தார்கள். நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். தசரதனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அதோடு வலிப்பும் உண்டு. சாயங்காலம் மாத்திரை தப்பினால் இழுத்துவிடும். தீபத்துக்கு மலை சுற்றியே ஆக வேண்டும் என்று அவர் சைகையில் பிடிவாதம் பிடித்தார். சரோஜா தயங்கினாள். யமுனாதான் அன்று பட்டை கட்டிவிட்டாள். அவளை டேட்டாபேஸ் பக்கம் விடாமல் வைத்திருந்தார்களே தவிர, பட்டை கட்டுகிற வேலைக்கு வராமல் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை. மஞ்சள் பனியனைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு வந்துவிடுவாள்.

"இந்தப் பட்டை இருந்தா தொலையவே மாட்டாரு இல்லம்மா?" என்று சரோஜா கேட்டாள்.

"எந்த மேசைக்குப் போனாலும் உங்க போனுக்கு மெசேஜ் வரும்க்கா. போனைக் கையிலயே வச்சுக்குங்க" என்றாள் யமுனா. 2206 என்று நம்பர் போட்ட பட்டை.

தீபத்தன்று நானும் யமுனாவும் குபேர லிங்கத்து மேசையில் இருந்தோம். அதற்கு முந்திய வாயு லிங்கத்தில் ஆர்த்தி இருந்தாள். மதியத்துக்கு மேல் முதல் ஆள் தொலைந்தபோதுதான் டேப்லெட்டைத் திறந்தோம். நம்பரைத் தட்டினால் பெயர் வரவில்லை. "சந்தா முடிந்தது. புதுப்பித்த பின் இந்தத் தகவல் அனுப்பப்படும்" என்று வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடி அதே.

முருகவேல் அருள்ராஜுக்குப் போன் போட்டார். எல்லா லைனும் பிஸி. கடைசியில் கிடைத்தான். "இன்னிக்கே கட்டிடறேன் தம்பி, இப்பவே திறந்து விடு" என்று தலைவர் கெஞ்சியிருக்கிறார். "கட்டிடுங்க சார். சிஸ்டத்துல ஏற ரெண்டு வொர்க்கிங் டே ஆகும்" என்றானாம். சட்டையைப் பிடிக்கலாம், சட்டையைப் பிடிக்கலாம் என்றார்களே, எங்கே அந்தச் சட்டை? பிறகு தலைவர் யமுனாவுக்கே போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"யமுனா, நீ கம்ப்யூட்டர்ல பெரிய ஆளாச்சே. எப்படியாச்சும் அதைத் திற மா."

"சாவி அவங்ககிட்ட இருக்குது சார். விவரம் அவங்க கம்பெனில இருக்குது. நம்மகிட்ட இருக்கிறது வெறும் கண்ணாடி" என்றாள்.

வெயில் தணிகிற நேரத்தில் சரோஜா எங்கள் மேசைக்கு ஓடி வந்தாள். வருண லிங்கம் தாண்டிக் கூட்டம் நெருக்கியதில் தசரதனின் கை விட்டுப் போயிருக்கிறது. முன்னால் போயிருப்பார் என்று அவளும் முன்னால் வந்திருக்கிறாள். அந்தக் கூட்டத்தில் திரும்பி நடப்பதென்பது நடக்காத காரியம். யமுனாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது பாருங்கள், அதை என்னால் மறக்க முடியவில்லை.

"நீதான கட்டிவிட்ட? ரெண்டாயிரத்து இருநூத்தி ஆறும்மா. எங்க இருக்காருனு பாரு. பொழுது போறதுக்குள்ள மாத்திரை குடுக்கணும்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். மாத்திரை அதில் இருந்தது.

யார் எந்த மேசையில் இருக்கிறார் என்று தேடுகிற பக்கத்தில் யமுனா நம்பரைத் தட்டினாள். அங்கேயும் சந்தா முடிந்தது என்றுதான் வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் போன் போட்டோம். எந்த லைனும் போகவில்லை. மைக்கில் கத்தினேன். தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினேன். பேச்சு வராதவரிடம் "எங்கிருந்தாலும் வரவும்" என்று கத்தி என்ன பிரயோஜனம்? சரோஜா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நிமிஷமும் அதைப் பார்த்தாள். மெசேஜ் வரும் என்று நாங்கள்தானே சொல்லியிருந்தோம்.

மலை மேல் தீபம் எரிந்தது. லட்சம் பேர் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றார்கள். சரோஜா நிமிர்ந்து பார்க்கவில்லை. யமுனாவின் டப்பா மேசையில் மூடியபடியே இருந்தது.

தசரதன் அந்த நேரம் எங்கே இருந்தார் தெரியுமா? வாயு லிங்கத்து மேசையில். எங்களுக்கு முந்திய மேசை. சரோஜா எங்களிடம் வருவதற்கும் முன்னாலேயே ஒரு தொண்டர் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஆர்த்தியிடம் விட்டிருக்கிறார். ஆர்த்தி நம்பரைத் தட்டியிருக்கிறாள். அவளுக்கும் அதே வரிதான். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். அது சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு எங்களுக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு மோர் கொடுத்து, விசிறி, பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாள். வலிப்பு உள்ளவர் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பொழுது சாய்ந்து சற்று நேரத்தில் இழுத்துவிட்டது. விழுந்ததில் தலையில் அடி. ஆம்புலன்ஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 2206 என்று எழுதினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு எதுவும் அவர்களிடம் இல்லை. விடிந்த பிறகு அந்த நம்பரைச் சொல்லித் தேடித்தான் சரோஜா அவர் உடலைக் கண்டுபிடித்தாள்.

சங்கத்தில் கூடினோம். முருகவேல் கண் கலங்கித்தான் இருந்தார். ஆனால், "விதி. யார் என்ன பண்ண முடியும்? பணம் கட்டியாச்சு. இந்தத் தடவை ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிட்டேன், இனிமே பிரச்சனை இல்லை" என்றார். விதியாம். ஒரு பெண் எழுந்து நின்று, கெடு முடிந்தால் என்ன ஆகும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டாளே, அவள் வாய்க்கு வந்தது விதி இல்லையா? அதைக் கேட்டுச் சிரித்தார்களே, அது விதி இல்லையா? நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். யமுனா எனக்கு முன்பே வெளியே வந்து நின்றிருந்தாள்.

"அண்ணா, பக்கத்து மேசையிலதான் இருந்தாருனு சரோஜாக்காவுக்கு யாரும் சொல்லல. நாம போய்ச் சொல்லணும்" என்றாள்.

பால் தெளிக்கிற அன்று கீழ்பென்னாத்தூர் போனோம். வாசலில் பந்தல். சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வாங்க, உக்காருங்க" என்றாள். யமுனா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வந்ததை இரண்டு பேருக்கும் சொல்ல வரவில்லை.

அப்போது சரோஜாவின் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அவள் அதை எடுத்து யமுனாவிடம் நீட்டினாள். "இன்னா வந்துக்குதுனு பாரும்மா. எனக்கு எழுத்து தெரியல" என்றாள்.

யமுனா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கம்பெனியில் பணம் ஏறிவிட்டது. பூட்டு திறந்துவிட்டது. தீபத்தன்று தேங்கியதெல்லாம் கிளம்பிவிட்டது.

"படிம்மா" என்றாள் சரோஜா.

யமுனாவுக்குப் பொய் சொல்ல வராது. படித்தாள். "2206. உங்கள் நபர் வாயு லிங்கம் மேசையில் பத்திரமாக இருக்கிறார். வந்து அழைத்துச் செல்லவும். நன்றி."

சரோஜா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வாயு லிங்கமா? நான் குபேர லிங்கத்தாண்ட உக்காந்துக்கினு இருந்தேனே. எவ்ளோ தூரம்மா அது?"

"பக்கம்தான்க்கா" என்றாள் யமுனா. "நடந்து போற தூரம்தான்."

"கூப்ட்டிருந்தா ஓடியாந்திருப்பேனே" என்றாள் சரோஜா.